பட்டம் இல்லாத பயிர் உபாத்தியாயினி!

குற்றாலத்தில் சீஸன் பிறந்துவிட்டால், ஐந்தருவிக்குப் போகும் சாலையோரத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாக வந்து இறங்கிவிடும். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வரும் பெண்மணிகள் விலையைக் கேட்டு மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். குழந்தை கேட்கிறதே என்று வாங்கியும் விடுவார்கள்! தின்றபின் மங்குஸ்தான் விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போய், வீட்டுக் கொல்லையில் புதைப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் முளைக்காது. அந்த விதை உலர்ந்தால் உயிர் போய்விடும். முளைத்தாலும், காய்ப்பதற்கு ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே குழந்தைகளுக்குச் சொல்லித் தந்தால் என்ன? சொல்லித் தர உபாத்தியாயர் வேண்டுமே! பி.எஸ்ஸி., பி.எட். படித்தவர்கள்தான் வர வேண்டும் என்பதில்லை. நம் மாநில அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பப் பரீட்சைகளில் தையல், ஓவியம், சங்கீதம் ஆகியவற்றோடு விவசாயமும் ஒரு பாடமாக இருந்து வந்திருக்கிறது. முதலில் கீழ்நிலை, அப்புறம் மேல்நிலை. இப்படி மேல்நிலை தேறியவர்களுக்காகவே தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி என்று ஒன்று, கோடை விடுமுறையில் 42 நாள் நடக்கும். கல்லூரி வாசலை மிதிக்காத பெண்கள், தையல் டீச்சராகவும் பாட்டு டீச்சராகவும் ஆனது இந்தக் குறுக்கு வழியில்தான். குறுக்கு வழி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கொடிவழி மாதிரி, செங்குத்தாகத்தான் இருக்கும்.

ஏறிய பிறகு கிடைப்பது என்ன? அதையும் சொல்லிவிட வேண்டும். 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம், தையல், உடற்பயிற்சி ஆகியவற்றோடு தோட்டக்கலைக்கும் இடம் இருந்தது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். மே மாதத்துக்கு அப்போது அதுவும் கிடைக்கவில்லை! பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்றால் அடுப்புக்குமா விடுமுறை? பன்னிரண்டு வருஷம் கழித்து, 2024-இல்தான் அது 12,500 ஆயிற்று. அதற்குள் எத்தனையோ மனுக்கள். நிரந்தரம் கேட்டுச் சென்னையில் உட்கார்ந்து போராட்டங்கள்.

ஆகவே, "எனக்குச் செடி கொடி என்றால் உயிர் அம்மா, அதற்கே டீச்சராகப் போகிறேன்" என்று பெண் சொன்னால், தடுக்காதீர்கள். ஆனால் சான்றிதழுக்கு விண்ணப்பம் வாங்கும்போதே, இந்தப் பாடத்துக்கு அடுத்த நியமனம் எப்போது, எந்தச் சம்பளத்தில் என்பதையும் சேர்த்து விசாரித்துவிடுங்கள்.