ஹீமோபிலியா: சிகிச்சையின் இலக்கை நோயாளி ஏன் சொல்ல வேண்டும்?

ரத்தம் உறைய எட்டாம் காரணி வேண்டும். ஹீமோபிலியா ஏ உள்ளவர்களுக்கு அது குறைவு. பி வகையில் ஒன்பதாம் காரணி. அந்தக் காரணி இயல்பு அளவில் 1 சதவீதத்துக்கும் கீழே போனால் கடுமையான நிலை. அடிபடாமலே முழங்காலிலும் கணுக்காலிலும் ரத்தம் கசியும். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால், ரத்தத்திலுள்ள இரும்பு மூட்டுச் சவ்வை வீங்கவைக்கும், குருத்தெலும்பு அரிபட்டுப்போகும்.

வழக்கமான எட்டாம் காரணி ஊசியைப் போட்டுக்கொண்டால், ஏறக்குறைய 12 மணி நேரத்தில் அது பாதியாகிவிடும். ஆகவே எந்த நாள், எந்த வேளையில் போடுவது என்பது நோயாளி எப்போது ஓடியாடுகிறார் என்பதைப் பொறுத்தது. வருடத்துக்கு எத்தனை கசிவு என்ற கணக்கு அந்த நேரத்தைச் சொல்லாது.

இங்கே கைகொடுப்பது, 1968இல் கிரசுக், ஷெர்மன் இருவரும் மனநலச் சிகிச்சைக்காக வகுத்த, இலக்கை எவ்வளவு எட்டினோம் என்று அளக்கும் அளவுகோல். எதிர்பார்க்கும் நிலைக்கு 0. அதைவிட மேலானால் +1, +2. குறைந்தால் -1, -2. முழங்கால் சரியாக மடங்காத ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். வகுப்போ மாடியில். நண்பன் தோளைப் பிடித்தே ஏறும் இன்றைய நிலை -2. மூன்று மாதத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தானே ஏறுவது 0. பிடிக்காமல் ஏறினால் +1. மருந்தும் இயன்முறைப் பயிற்சியும் அந்தப் படிகளை நோக்கியே திட்டமிடப்படும்.

மூட்டு தாங்காத இலக்கை மருத்துவர் மறுக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் கேள்வி "என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்பதே. மருத்துவர் கேட்காவிட்டால், அடுத்த முறை நீங்களே சொல்லுங்கள்.