பழைய ஜெட் ஸ்கீக்குப் புது பிஸ்டன் போடுவதற்கு முன்

கரையோரம் மெதுவாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. ஏரி நடுவே போய் த்ராட்டிலை முழுக்க அழுத்தினால் கொஞ்ச நேரம் பறக்கும். பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வேகம் விழும். விரலைத் தளர்த்தினால் மறுபடி சரியாகிவிடும். 1990களில் வந்த டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. வண்டிக்காரர் பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் கிறீச் என்று ஒரு சத்தம் கேட்கும், அத்தோடு இன்ஜின் நின்றுவிடும். பிஸ்டன் சீஸ் ஆகியிருக்கும், அதாவது சிலிண்டர் சுவரோடு இறுகிப் பிடித்திருக்கும்.

சீஸான பிஸ்டனை மாற்றுவது பெரிய வித்தை அல்ல. அது ஏன் சீஸானது என்று கண்டுபிடிக்காமல் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும். பழைய ஜெட் ஸ்கீ ரிப்பேரில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த வண்டிகள் வந்த கதையை முதலில் பார்த்துவிடலாம். நீர்மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டும் கனவைக் கண்டவர் கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மோட்டோகிராஸ் வீரர். அவர் யோசனையை வைத்து 1968இல் கனடாவின் பொம்பார்டியே நிறுவனம் 'சீ-டூ' என்ற பெயரில் உட்கார்ந்து ஓட்டும் வண்டியைக் கொண்டுவந்தது. அது அப்போது எடுபடவில்லை. 1973இல் கவாசாகி கொண்டுவந்த நின்று ஓட்டும் வண்டிதான் இந்த விளையாட்டைப் பரப்பியது. சீ-டூ 1980களின் கடைசியில் திரும்பி வந்தது. அடுத்த பத்தாண்டில் விற்ற வண்டிகள் பல இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 1996ஆம் ஆண்டு சீ-டூ எக்ஸ்பி அவற்றில் ஒன்று. ஆஸ்திரியாவின் ராட்டக்ஸ் நிறுவனம் செய்த இரட்டைச் சிலிண்டர் இன்ஜின், 781.6 சிசி, 110 குதிரைத்திறன்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியே ஆயில் தொட்டி போன்ற அடிப்பகுதி கிடையாது. பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்து முதலில் கிராங்க் கேஸுக்குள் வருகின்றன. போகிற வழியில் பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, மேலே சிலிண்டருக்குப் போய் எரிகின்றன. பங்கில் பெட்ரோலோடு 2டி ஆயிலை அளந்து ஊற்றி ஸ்கூட்டர் ஓட்டிய தலைமுறைக்கு இது புதிதல்ல. உள்ளே வரும் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகைபோக்கி வழியாக நீரில் கலந்துவிடும். அமெரிக்காவின் டாஹோ ஏரியில் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களை 1999 ஜூனில் தடை செய்ததற்குக் காரணம் அதுதான்.

பழுது பார்க்க உட்காரும்போது முதல் வேலை, சீட்டைக் கழற்றி உள்ளே காற்றோட்டம் விடுவது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வண்டிக்குள் அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும். இதில் அவசரமே கூடாது.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம். வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, பிளக் கேப்களை எர்த் செய்வதற்கென்றே உள்ள முனைகளில் மாட்டிவிட்டு, பிளக் துளையில் அழுத்தம் அளக்கும் கேஜைத் திருகுகிறார்கள். த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, முள் ஏறாமல் நிற்கும்வரை ஸ்டார்ட்டரை ஓடவிடுகிறார்கள். பெரும்பாலான பழைய இன்ஜின்களில் 120 முதல் 150 பிஎஸ்ஐ வரை காட்டும். கேஜுக்குக் கேஜ் அளவு கொஞ்சம் மாறும் என்பதால், இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று 145, மற்றது 90 என்றால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மின்சாரப் பக்கம் அவ்வளவு சிக்கல் இல்லை. பேட்டரி சோர்ந்திருந்தால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், பொறியும் பலவீனமாகும். 1996 எக்ஸ்பியில் பாதுகாப்புக் கயிற்றின் தொப்பியை மாட்டியதும் இரண்டு முறை பீப் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ்களையும் உப்புப் பூத்த கனெக்டர்களையும் பார்ப்பது நல்லது.

பெட்ரோல் வரும் பாதையில்தான் பொறுமையாக உட்கார வேண்டும். டேங்கிலிருந்து செலக்டர் வால்வு, அங்கிருந்து ஃபில்டர், பிறகு கார்புரேட்டர். ஸ்கூட்டரில் இருப்பதுபோன்ற மிதவைக் கிண்ணம் இதில் கிடையாது. வண்டி சாயும், சமயத்தில் கவிழும் என்பதால், மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் ஒன்று சிறிய ஊசி வால்வைத் திறந்து மூடி பெட்ரோலை அளக்கிறது. கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பே பம்பையும் ஓட்டுகிறது. கார்புரேட்டருக்குள் விரல்நகத்தைவிடச் சிறிய சல்லடை ஒன்று ஒளிந்திருக்கிறது. இப்படி ஒன்று இருப்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது.

அந்தக் காலத்துச் சீ-டூ வண்டிகள் பலவற்றில் சாம்பல் நிறப் பெட்ரோல் குழாய்கள் இருந்தன. வருடங்கள் போகப்போக இந்தக் குழாயின் உட்சுவர் சிதைந்து பச்சை நிறப் பசையாகும். பசை பெட்ரோலோடு ஓடிவந்து அந்தச் சல்லடையில் அப்பிக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது இன்ஜினுக்குத் தேவை கொஞ்சம்தான், அடைத்த சல்லடை வழியாகவே அது வந்துவிடும். முழு வேகத்தில் தேவை பல மடங்காகிறது. வரவு போதாமல் கலவை மெலிகிறது. ஆரம்பத்தில் சொன்ன புகாரின் வேர் பெரும்பாலும் இதுதான். கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்துவிட்டுப் பழைய குழாயை விட்டுவைத்தால் சீக்கிரமே மறுபடி அடைக்கும். எல்லாக் குழாய்களையும் பெட்ரோல் தாங்கும் கறுப்பு ரப்பர் குழாய்களாக மாற்றி, செலக்டர் வால்வையும் கழற்றிப் பார்த்தால்தான் வேலை முடிந்தது.

எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு தலைவலி. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் டேங்கில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பரவியிருக்கும் இன்று, கடற்கரைகளில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சீசன் முடிந்ததும் டேங்கை வடித்துவிடுவதே நல்லது.

மெலிந்த கலவை இன்ஜினைக் கொல்வது எப்படி? பெட்ரோல் ஆவியாகும்போது உட்பகுதியைக் குளிர்விக்கவும் செய்கிறது. அது குறைந்தால் எரியும் சூடு ஏறும், அலுமினியப் பிஸ்டன் விரிந்து சுவரை உரசும். கழற்றிய பிஸ்டனைக் கையில் எடுத்தாலே பாதி கதை தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் நெடுக்குக் கோடுகளாகக் கீறி, ரிங்குகள் அலுமினியத்தில் புதைந்து ஒட்டியிருந்தால் மெலிந்த கலவையையோ ஆயில் பற்றாக்குறையையோ சந்தேகிக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் தேய்ந்திருந்தால், குளிர்ந்த இன்ஜினைச் சூடேற விடாமல் முறுக்கியிருக்கிறார்கள். நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் எரிதல் கட்டுப்பாடில்லாமல் நடந்திருக்கிறது.

கார்புரேட்டர் சுத்தமாக இருந்தும் கலவை மெலிகிறதென்றால் ஏர் லீக் இருக்கலாம். கிராங்க் சீலோ பேஸ் கேஸ்கெட்டோ கசிந்தால், கார்புரேட்டருக்குத் தெரியாமலே காற்று உள்ளே நுழையும். இன்லெட், எக்ஸாஸ்ட் வாய்களைத் தகடு வைத்து மூடி, உள்ளே சில பிஎஸ்ஐ காற்றழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். புதுப் பிஸ்டன் போட்ட பின்னும் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

எக்ஸ்பியின் ராட்டக்ஸ் இன்ஜினில் இன்னொரு விசேஷம், சுழலும் தகடு ஒன்றுதான் இன்லெட்டைத் திறந்து மூடுகிறது. அந்தத் தகட்டைச் சுற்றும் தண்டு, வண்டியின் தனி ஆயில் டேங்கிலிருந்து தானாக இறங்கும் ஆயிலில் ஊறியபடி இருக்கும். சீல்கள் தேய்ந்திருந்தால், வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது ஆயில் மெல்ல மெல்லக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். சீசன் ஆரம்பத்தில் ஸ்டார்ட்டர் திணறினால் பிளக்கைக் கழற்றாமல் முயலக் கூடாது. ஆயிலும் தண்ணீரும் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும்.

தண்ணீர் உள்ளே போவதற்கு வண்டி கவிழவே வேண்டியதில்லை. உப்பு நீரில் ஓட்டியபின் குழாய் மாட்டிக் கழுவும்போதே போய்விடலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது குழாயை மூடிவிட்டுத்தான் இன்ஜினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் எக்ஸாஸ்டில் நிரம்பும் நீர் சிலிண்டருக்குள் போகும். எப்படிப் போயிருந்தாலும் அன்றைக்கே வெளியேற்றி, ஆயில் விட்டு, ஓட்டிக் காயவைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் கிராங்க் பேரிங் துருப்பிடித்துவிடும்.

இன்ஜின் மேல் வீண்பழி விழுவதும் உண்டு. சத்தம் ஏறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் தண்ணீரைப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் ஜெட் பம்பைப் பார்க்க வேண்டும். இம்பெல்லரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம் தேய்ந்தால் தண்ணீர் இடுக்கு வழியே நழுவிவிடும், தள்ளுவிசை கிடைக்காது.

எல்லாம் சரி செய்து, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் அடித்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட இன்ஜினை முதல் 10 மணி நேரம் அளவாக ஓட்டுகிறார்கள். முதல் டேங்கில் ஆயில் பம்ப் தானாகச் சேர்க்கும் ஆயிலுக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துவிடுகிறார்கள். அந்த 10 மணி நேரம் முடிந்ததும் கடைசிச் சோதனை. முழு த்ராட்டிலில் சிறிது தூரம் ஓட்டி, அதே வேகத்தில் பாதுகாப்புக் கயிற்றை இழுத்து இன்ஜினை நிறுத்தி, நீரிலேயே பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கிறார்கள். பீங்கான் பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் அங்கிருந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து மறுபடி பெட்ரோல் பாதையிலிருந்து தொடங்குகிறார்கள்.