15 டாலர் பரீட்சைக்கு 7,000 டாலர் செலவு! ஒரு லைசென்ஸோட உண்மையான விலையைக் கண்டுபிடிப்பது எப்படி?



ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். ஒரு பரீட்சைக்குக் கட்டணம் 15 டாலர். அப்படின்னா அந்தப் பரீட்சையை எழுதி முடிக்க எவ்வளவு செலவாகும்?

"15 டாலர்தானே சார்"னு சொன்னீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஏன்னா, சம்பளம் வாங்க ஆரம்பிச்ச முதல் சில வருஷத்துல நாம எல்லாருமே இந்தத் தப்பைச் செய்யறோம். கோர்ஸ் ஃபீஸைப் பார்க்கிறோம், எக்ஸாம் ஃபீஸைப் பார்க்கிறோம். நம்ம நேரத்துக்கு ஒரு விலை இருக்குங்கறதை மட்டும் கணக்குல எழுத மறந்துடறோம்.

இதைப் புரிஞ்சுக்க நான் எடுத்துக்கிட்ட உதாரணம் கொஞ்சம் வித்தியாசமானது. அமெரிக்காவுல தலைமுடி பின்னி விடறதுக்கு எழுத வேண்டிய லைசென்ஸ் தேர்வு.

பின்னல் போட லைசென்ஸா?

ஆமாங்க. அமெரிக்கக் கறுப்பின மக்கள், சுருள் முடியை கெமிக்கல் போட்டு நேராக்காம, அது இயற்கையா இருக்கிறபடியே பராமரிக்கிறதைத்தான் 'நேச்சுரல் ஹேர்'னு சொல்றாங்க. பின்னல், முறுக்கு, லாக்ஸ், கூடுதல் முடி சேர்த்துப் பின்னுறது எல்லாம் இதுல வரும். பல வீடுகள்ல அம்மா, பாட்டி கைப்பழக்கத்துல வர்ற கலை இது.

ஆனா அதையே காசு வாங்கிட்டுச் செய்யணும்னா, நியூயார்க் மாநிலத்துல 'நேச்சுரல் ஹேர் ஸ்டைலிங்' லைசென்ஸ் வேணும். அதுக்குப் பொதுவான வழி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில 300 மணி நேரப் படிப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு செய்முறைத் தேர்வு. விண்ணப்பத்துக்கு 40 டாலர், தேர்வு ஒவ்வொன்றுக்கும் 15 டாலர். முடி வெட்டுறது, சாயம், கெமிக்கல்னு எல்லாமே செய்யற காஸ்மெட்டாலஜி லைசென்ஸுக்கு அங்கே 1,000 மணி நேரம்.

இப்போ, நியூயார்க் நகரத்துல ஒரு கடையில குறைந்தபட்சக் கூலிக்கு வேலை பார்க்கிற ஒரு பெண்ணை மனசுல வெச்சுக்கோங்க. பத்து வயசுல இருந்து பின்னத் தெரிஞ்சவங்க. லைசென்ஸ் வாங்கி இதையே தொழிலாக்கலாம்னு நினைக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் வாங்க.

உண்மையான பில் இதுதான்

பள்ளிக் கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும். கணக்குக்காக 2,000 டாலர்னு வெச்சுப்போம். பயிற்சிக்கு பொம்மைத் தலை, சீப்பு, கிளிப், கிருமிநாசினின்னு கிட் செலவு 150 டாலர்னு வெச்சுப்போம்.

- பள்ளிக் கட்டணம்: 2,000
- கிட்: 150
- விண்ணப்பம்: 40
- இரண்டு தேர்வு: 30
- கையை விட்டுப் போற காசு மொத்தம்: 2,220 டாலர்

இங்கேயே நிறைய பேர் பேனாவை மூடிடுவாங்க. ஆனா ஒரு வரி பாக்கி இருக்கு. 2025-ல் நியூயார்க் நகரத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். வேலையை விட்டுட்டு 300 மணி நேரம் வகுப்புல உட்கார்ந்தா, 300 × 16.50 = 4,950 டாலர் சம்பளம் போச்சு.

ஆக மொத்தம் 7,170 டாலர். இதுல தேர்வுக் கட்டணம் வெறும் 30 டாலர். அரை சதவீதம் கூட இல்லை!

பகலா, சாயங்காலமா?

அப்போ வேலையை விடாம சாயங்கால வகுப்புக்குப் போனா? நல்ல கேள்வி. ஆனா அதுவும் இலவசம் இல்லை.

லைசென்ஸ் வந்த பிறகு அவங்களுக்கு மணிக்கு 25 டாலர் கிடைக்கும்னு வெச்சுப்போம். இப்போ வாங்கறதை விட 8.50 டாலர் அதிகம். வாரம் 40 மணி நேரம்னா, வாரத்துக்கு 340 டாலர் கூடுதல் வருமானம்.

- முழுநேர வகுப்பு: வாரம் 40 மணி, ஏழரை வாரத்துல முடியும். இழக்கிற சம்பளம் 4,950 டாலர்.
- சாயங்கால வகுப்பு: வாரம் 15 மணி, 20 வாரம் ஆகும். சம்பளம் நிக்காது. ஆனா புது வருமானம் பன்னிரண்டரை வாரம் தள்ளிப்போகுது. 12.5 × 340 = 4,250 டாலர்.

பார்த்தீங்களா? வித்தியாசம் 700 டாலர்தான். அப்போ எதை வெச்சு முடிவு பண்றது? கையில எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கா இல்லையா, அதை வெச்சுதான். ரெண்டு மாச வாடகைக்குப் பணம் இல்லாதவங்க, முழுநேர வகுப்புக்குப் போயி கிரெடிட் கார்டுல வீட்டுச் செலவை ஓட்டினா, மேலே போட்ட கணக்கு மொத்தமும் வட்டியில கரைஞ்சிடும். சேமிப்பு இல்லைன்னா சாயங்கால வகுப்புதான். மெதுவா போனாலும் மாசச் சம்பளம் நிக்காது.

தேர்வு எதைக் கேட்குது?

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். பத்து வயசுல இருந்து பின்னத் தெரிஞ்சவங்களுக்கு இந்தத் தேர்வு ஈஸியா இருக்கணுமே? இல்லைங்க. ஏன்னா, லைசென்ஸ் தேர்வு 'நீ எவ்வளவு அழகா பின்னுவே'ங்கறதை விட, 'உன்கிட்ட வர்ற வாடிக்கையாளர் பாதுகாப்பா திரும்பிப் போவாரா'ங்கறதைத்தான் அதிகமாப் பார்க்கும்.

தயாரிப்புல நேரம் ஒதுக்க வேண்டிய பகுதிகள் இவை:

1. சுத்தமும் கிருமிநீக்கமும். கழுவுறது வேற, கிருமிநீக்கம் செய்யறது வேற. முடியும் எண்ணெயும் ஒட்டின சீப்பை நேரா கிருமிநாசினியில போட்டா அது வேலைக்கு ஆகாது. முதல்ல முடியை எடுக்கணும், சோப்புத் தண்ணியில கழுவணும், அப்புறம்தான் கிருமிநாசினி. அதுவும் லேபிள்ல எத்தனை நிமிஷம்னு போட்டிருக்கோ அத்தனை நிமிஷம் முழுசா மூழ்கி இருக்கணும்.

2. எப்போ 'முடியாது'ன்னு சொல்லணும். தலையில படர்தாமரை இருந்தா அது ஒட்டிக்கொள்ளும் பூஞ்சைத் தொற்று. பின்னல் போடக்கூடாது, டாக்டரைப் பார்க்கச் சொல்லணும். நோய்க்குப் பேர் வெச்சு மருந்து சொல்றதும் உங்க வேலை இல்லை.

3. இறுக்கம். ஸ்கூல் நாள்ல இரட்டை ஜடையை இறுக்கிப் பின்னி, நெற்றி ஓரம் விண்ணுன்னு வலிச்சது ஞாபகம் இருக்கா? அந்த இழுவை தொடர்ந்து இருந்தா முன்நெற்றி ஓரத்துல முடி கொட்டும். இதுக்குப் பேர் ட்ராக்‌ஷன் அலோபீசியா. ரொம்ப நாள் விட்டா நிரந்தரமாவே முடி வளராமப் போகலாம்.

4. முடியோட அமைப்பு. வெளி அடுக்கு கியூட்டிகிள், நடு அடுக்கு கார்டெக்ஸ், உள்ளே மெடுலா. வளர்ச்சிக் கட்டங்கள் அனாஜென், கேடஜென், டெலோஜென். அடர்த்திங்கறது ஒரு இடத்துல எத்தனை முடி இருக்குங்கறது. போராசிட்டிங்கறது ஈரத்தை முடி எவ்வளவு உறிஞ்சும்ங்கறது. இந்தச் சொற்கள் தெரியலைன்னா, விஷயம் தெரிஞ்சும் கேள்வி புரியாது.

5. செய்முறைத் தேர்வுல ஒழுங்கு. கை சுத்தம், சுத்தமான கருவி தனி, பயன்படுத்தினது தனி, கீழே விழுந்த சீப்பை எடுத்து மறுபடியும் முடியில வைக்காம இருக்கிறது. வீட்டுல பல வருஷமா பின்னினவங்களுக்கு இதுதான் கஷ்டம். கை பழக்கத்துல தானா ஓடிடும்.

அதனால தயாரிப்பை இப்படிப் பிரிச்சுக்கணும்: ஏற்கெனவே நல்லா வர்ற பின்னலுக்குக் குறைஞ்ச நேரம், வராத பாடத்துக்கு அதிக நேரம். தேர்வு நடத்தற அமைப்பு வெளியிடற பாடத்திட்டக் கையேட்டை முதல் நாளே எடுத்து, எந்தப் பகுதிக்கு எவ்வளவு எடைன்னு பார்த்துடணும். செய்முறைக்கு, வீட்டுல பொம்மைத் தலையை வெச்சு, கடிகாரத்தை ஓடவிட்டு, ஒரு ஆள் பக்கத்துல நின்னு தப்பைக் குறிச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி ஒத்திகை பார்க்கணும்.

இது எனக்கு அனுபவப் பாடம். சி.ஏ. தேர்வும் ஒரு லைசென்ஸ் தேர்வுதானே. எனக்குப் பிடிச்ச பேப்பரையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டு, பிடிக்காத ஒண்ணுல மாட்டிக்கிட்டு ஒரு குரூப்பை விட்டேன். அப்போ வருஷத்துக்கு ரெண்டே தேர்வு, மே, நவம்பர். திரும்ப எழுத ஃபீஸ் பெரிசா இல்லை. ஆனா தகுதி ஆறு மாசம் தள்ளிப்போனா, சம்பளமும் ஆறு மாசம் தள்ளிப்போகும். அந்தக் கணக்கை அப்பா கேட்டப்பதான் நான் போட்டேன்.

நியூயார்க் பெண்ணுக்கும் அதே கதைதான். ஒரு தேர்வுல தவறி, மறுபடியும் எழுதி முடிக்க ஆறு வாரம் தாமதம், அதுவரைக்கும் புது வருமானம் இல்லைன்னு வெச்சுப்போம். 6 × 340 = 2,040. கூட 15 டாலர் கட்டணம். 15 டாலர் மறுதேர்வோட உண்மையான விலை 2,055 டாலர்!

அதே வேலை, ஊருக்கு ஊர் வேற விலை

இன்னொரு விஷயம். இந்த 300 மணி நேரம் அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரி இல்லை.

மிசிசிப்பியில மெலனி ஆம்ஸ்ட்ராங் என்ற பின்னல் கலைஞர் வழக்குப் போட்டுப் போராடினார். 2005-ல் அங்கே சட்டம் மாறியது. இப்போ 25 டாலர் கட்டிப் பதிவு செஞ்சு, சுகாதார விதிகளைப் பின்பற்றினாப் போதும்.

யூட்டாவில், சியரா லியோனில் இருந்து வந்த ஜெஸ்டினா கிளேட்டனிடம் 2,000 மணி நேர காஸ்மெட்டாலஜி லைசென்ஸ் கேட்டாங்க. அந்தப் படிப்புல ஆப்பிரிக்கப் பின்னல் பத்தி ஏறக்குறைய ஒண்ணுமே இல்லை. 2012-ல் ஃபெடரல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது.

டெக்சாஸில் ஐசிஸ் பிராண்ட்லி, லைசென்ஸ் இல்லாமப் பின்னினதுக்காக 1997-ல் கைதானார். பல வருஷப் போராட்டத்துக்கு அப்புறம் 2015-ல் அந்த மாநிலம் பின்னலுக்கு லைசென்ஸ் தேவையே இல்லைன்னு முடிவு செஞ்சது.

ஒரு பக்கம், சுகாதாரம் தெரியாதவங்க கையில தலையைக் கொடுக்க முடியாதுங்கற நியாயம். இன்னொரு பக்கம், வேலை தெரிஞ்சவங்களை வாசல்லயே நிறுத்தி வைக்கிற மணிக்கணக்கு. ரெண்டுலயும் உண்மை இருக்கு. பணத்தைக் கட்டப் போற நமக்குப் பாடம் ஒண்ணுதான்: நான் வேலை செய்யப் போற இடத்துல, இன்றைய சட்டம் என்ன கேட்குதுன்னு முதல்ல பார்க்கணும். டெக்சாஸ்ல கடை போடப் போறவங்க, பின்னல் லைசென்ஸுக்காக 300 மணி நேரம் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

சரி, இதெல்லாம் எனக்கு எதுக்கு?

உங்க போன்ல இந்த வாரம் எத்தனை 'சர்டிஃபைட் கோர்ஸ்' விளம்பரம் வந்துச்சு? சைடு இன்கம், கரியர் மாற்றம், 'இன்னைக்கு மட்டும் 24,999'. பணம் கட்டறதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்வியைக் கேளுங்க.

ஒண்ணு: இது லைசென்ஸா, சர்டிஃபிகேட்டா? சட்டம் கேட்கிறது லைசென்ஸ். விற்கிறவர் கொடுக்கிறது சர்டிஃபிகேட். உதாரணமா, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆகணும்னா என்.ஐ.எஸ்.எம். நடத்துற 5-ஏ தேர்வை எழுதி, ஆம்ஃபியிடம் ஏ.ஆர்.என். எண் வாங்கணும். இது சட்டப்படி தேவை. அதுக்குப் பதிவு செஞ்சா பாடப் புத்தகமும் கிடைக்கும். வேற யாரோ பல ஆயிரத்துக்கு விற்கிற 'மாஸ்டர் கிளாஸ்' சட்டப்படி தேவையில்லை. படிக்கக் கூடாதுன்னு சொல்லலை. தேவைன்னு நினைச்சு ஏமாறாதீங்க.

ரெண்டு: மொத்தம் எத்தனை மணி நேரம்? வகுப்பு, படிப்பு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து. உங்க மாதச் சம்பளத்தை மாதத்தின் வேலை மணிகளால வகுத்து, அந்த எண்ணால பெருக்குங்க. 32,000 ரூபாய், 200 மணின்னா மணிக்கு 160 ரூபாய். 300 மணி நேரக் கோர்ஸுல உங்க நேரம் மட்டுமே 48,000 ரூபாய்.

மூணு: இது எவ்வளவு நாளைக்கு, எந்த ஊர்ல செல்லும்? நியூயார்க் லைசென்ஸை 4 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். என்.ஐ.எஸ்.எம். 5-ஏ சான்றிதழ் 3 வருஷம். புதுப்பிக்கிற செலவையும் சேர்த்துக்கோங்க.

நாலு: போட்ட காசு எப்போ திரும்பும்? மொத்தச் செலவை, கூடுதலா வரப்போற மாத வருமானத்தால வகுங்க. நியூயார்க் பெண்ணுக்கு 7,170-ஐ 340-ஆல் வகுத்தா, 21 வாரம். அஞ்சு மாசத்துல திரும்பி வருது. அவங்களுக்கு அது நல்ல முதலீடு, முதல் முறையே பாஸ் ஆனா!

நீங்க கட்டப்போற கோர்ஸுக்கு அந்த எண் என்ன வருது? ஒரு வெள்ளைத் தாள், பத்து நிமிஷம் போதும். எண்ணே வரலைன்னா, அதாவது கூடுதல் வருமானம் எவ்வளவுன்னு உங்களாலேயே ஒரு தொகை எழுத முடியலைன்னா, இன்னைக்குப் பணம் கட்டாதீங்க. அந்த ஆஃபர் நாளைக்கும் கண்டிப்பா வரும்.

இந்தக் கணக்கை எக்செல்ல எப்படிப் போடறதுன்னு நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல படிப்படியா காட்டறேன். அதுவரைக்கும், கோர்ஸ் வாங்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கிற நண்பருக்கு இதை அனுப்பி வைங்க.