இரண்டு விசை, ஒரு வேலை

கணிப்பொறியில் ஒரு மனு அடிக்கிறோம். பாதியில் மின்சாரம் போகிறது. அடித்தது அழிந்து போகலாம். முதியோர் ஓய்வூதிய மனு என்றால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்!

ஆகவே அடிக்கடி சேமிக்க வேண்டும். 'கண்ட்ரோல்' விசையை அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே 'எஸ்' விசையைத் தட்டுங்கள். பிறகு இரண்டையும் விடுங்கள். புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகத் தட்டுவார்கள். 'எஸ்' முந்திவிடும். மனுவில் வேண்டாத எழுத்து விழும். பயம் வேண்டாம். கண்ட்ரோலைப் பிடித்து 'இசட்' தட்டினால் அது மறையும்.

ஒரே விரலால் அடிப்பவர் என்ன செய்வார்? விண்டோஸ் கணிப்பொறியில் அவருக்கும் வழி உண்டு. 'ஷிப்ட்' விசையை 5 முறை தொடர்ந்து தட்ட வேண்டும். திரையில் ஒரு கேள்வி வரும். சம்மதம் சொல்ல வேண்டும். அதன்பின் கண்ட்ரோலைப் பிடித்திருக்க வேண்டாம். அதைத் தட்டி விட்டுவிடலாம். அடுத்து 'எஸ்' தட்டலாம். மனு சேமிக்கப்படும்.