பாத்திர விளையாட்டுத் தரவும் பகிரும் உரிமையும்

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது, மேசையைச் சூழ்ந்தமர்ந்தோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பகடையுருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டாகும். பாத்திரம் ஒன்றை அமைப்பதற்குக் குலம், தொழில், வலிமை, படைக்கலம் எனக் கணக்குகள் பல வேண்டும். அவற்றைச் செய்தற்கெழுந்த மென்பொருள்களுள் பீசிஜென் ஒன்று. அதன் நிரல் வேறு, தரவு வேறு. தரவு எளிய எழுத்துக் கோப்புகளாய் இருத்தலின் நிரலறியாதாரும் புதியன சேர்க்கலாம்.

சேர்த்தவற்றைப் பிறர்க்கு வழங்கலாமா என்பதே வினா. குண்டசாலையில் ஓர் ஆர்வலர், விலைக்கு வாங்கிய விதிநூலைத் தரவாக்கி நண்பர் பலர்க்கு அனுப்புகின்றார் எனக் கொள்க. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கருத்து, முறை, வெறுந்தரவு ஆகியவற்றைக் காப்பதில்லை. ஆயின், அவற்றை விளக்கும் உரைநடைக்கும், தற்புதுமையுடன் தெரிந்தடுக்கிய தொகுப்புக்கும் காப்புண்டு. ஒரு வாள் விளைக்கும் ஊறு எத்துணை என்பது வெறும் எண். அவ்வாளின் வரலாறாக ஆசிரியர் புனைந்த பத்தி அவருடையது. நடைமுறையில் இவ்வெல்லை எளிதிற் புலப்படுவதன்று.

இவ்விடர் நீங்க ஒரு வழி 2000ஆம் ஆண்டிற் பிறந்தது. வெளியீட்டாளராகிய விசார்ட்ஸ் ஆவ் த கோஸ்ட் நிறுவனம் அடிப்படை விதிகளைத் திறந்த உரிமத்தின்கீழ் வழங்கியது. 2023 சனவரியில் அதனை மாற்ற முயன்று, விளையாடுவோரின் கடும் எதிர்ப்பாற் பின்வாங்கியது. அம்மாதமே ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துள் வைத்தது. இவ்வுரிமம், விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடப்போரிடமிருந்து மீளப்பெற இயலாதது.

எனவே அவ்வார்வலர், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் குண்டசாலையில் வாழ்ந்த நரேந்திரசிங்க மன்னனின் அவையினரைத் தாமே பாத்திரங்களாக வகுத்து, அவ்விதிகளோடு இணைத்து, மூலத்தின் பெயரையும் தாம் செய்த மாற்றத்தையும் கோப்பிற் குறித்துப் பகிர்வாராயின் தடையில்லை.