விறைத்த காலுக்கு ஒரு தாங்கி



நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களிலே நுனிக்காலை ஊன்றி, முழங்கால்கள் ஒன்றோடொன்று உரச நடந்துவரும் பிள்ளைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அயலார் அதனை இளம்பிள்ளை வாதம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். அது பிழை. இளம்பிள்ளை வாதத்தில் கால் துவண்டு மெலியும். இலங்கையில் அந்நோய் 1993ஆம் ஆண்டுக்குப் பின்னர் காணப்படவில்லை. நாம் இங்கு பேசும் கால்களோ துவள்வன அல்ல, விறைப்பன. குறை முதலில் தோன்றுவது தசையிலன்று; தசையை ஆளும் மூளையிலே. கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ மூளைக்கு நேர்ந்த ஊறே அதன் காரணம். பக்கவாதம் கண்ட முதியோரிடத்தும் இவ்விறைப்பு உண்டாவதுண்டு.

1861இல் இதனைக் கடினமான பிரசவத்தோடு தொடர்புபடுத்தி விரிவாக எழுதியவர் லண்டன் வைத்தியர் வில்லியம் ஜோன் லிட்டில். அவரும் பாதம் வளைந்த ஒருவரே என்பது பலர் அறியாத செய்தி.

பிள்ளை வளர எலும்பு நீள்கிறது. விறைத்த கெண்டைத்தசையோ அதற்கு ஈடாக நீளுவதில்லை. ஆகவே குதிகால் நிலத்தைத் தொடாமலே ஆண்டுகள் கழிகின்றன. தசை இணங்கும் பருவத்தில் தாங்கி பூட்டினால் பாதத்தை நேராக நிறுத்தலாம்; குறுகி உறைந்துபோன பின்னர் மாவுக்கட்டோ சத்திரசிகிச்சையோ முன்னதாகத் தேவைப்படலாம். தாங்கி மூளையின் ஊறை மாற்றாது. பாதத்தைப் பிடித்து நிறுத்துவதே அதன் வேலை. ஆயினும் ஒரு பிள்ளை வகுப்பறைக்குத் தானே நடந்து வருவதும், தூக்கிவரப்படுவதும் ஒன்றாகுமோ?

முன்னாளில் இரும்புக் கம்பியும் தோற்பட்டையும் கொண்ட கலிப்பரே வழங்கிற்று. இன்று காலை மாவுக்கட்டில் அச்செடுத்து, அவ்வச்சின்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் படியவைத்துச் செய்கின்றனர். ராகமையிலே 2004இல் இத்தொழிலைக் கற்பிக்கும் பாடசாலையும் நிறுவப்பட்டது. டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளில் முதலில் வைத்தியரைக் கண்டு ஆலோசனை பெறலாம். அளவெடுக்க ஒரு பயணம், பூட்டிப்பார்க்க ஒரு பயணம், திருத்த மற்றொன்று. கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒவ்வொன்றும் ஒருநாட் சம்பளம். தாங்கியின் விலையைக் காட்டிலும் இவ்வழிச்செலவே பலரைத் தடுக்கின்றது என்பது என் கருத்து.

இனி, பூட்டும் முறை. விறைத்த தசைக்கு ஒரு குணமுண்டு: வெடுக்கென்று இழுத்தால் எதிர்த்து இறுகும், மெல்ல இழுத்தால் இணங்கும். பெரட்டுக்கு நேரமாகிறதே என்று தாய் அவசரமாகப் பாதத்தைத் திணித்தால், கால் அவளோடு மல்லுக்கு நிற்கும். பிள்ளையை உட்காரவைத்து, சுருக்கமில்லாத நீண்ட காலுறையை அணிவியுங்கள். இடுப்பையும் முழங்காலையும் முதலில் மடக்குங்கள். பின்னர் பாதத்தை மெதுவாக மேல்நோக்கி அழுத்திச் சற்றுப் பொறுங்கள். தசை தளர்வது கைக்கே தெரியும். குதிகால் தாங்கியின் அடியில் நன்கு பதிந்த பின்னரே கணுக்கால் பட்டையை இறுக்குக. கெண்டைக்கால் பட்டை அதற்குப் பிந்தியது. குதிகால் மேலெழுந்திருக்கப் பட்டையை மட்டும் இறுக்கினால் தோல் புண்ணாகும். தாங்கியும் பரணுக்குப் போய்விடும்.

முதல்நாள் அரைமணி முதல் ஒருமணி நேரம் போதும். நாளுக்கு நாள் கூட்டலாம். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அரைமணிக்குள் மறையாவிடின், செய்தவரிடம் காட்டித் திருத்தும் வரை மீண்டும் அணிவிக்கலாகாது. பேச இயலாத பிள்ளைக்குத் தோலே வாய். வளரும் பிள்ளைக்குத் தாங்கி சிறுத்துப்போவதும் இயல்பே. அப்போது புதிதாக அச்செடுக்க வேண்டும்.

நம் மலைநாட்டுக்கென்றே ஒரு சிக்கலுமுண்டு. அசையாத தாங்கி சமதரையில் நன்று. இறக்கத்திலோ முழங்காலை முன்னே தள்ளும், ஏற்றத்தில் பின்னே தள்ளும். கணுக்காலில் கீல் வைத்த தாங்கி ஏற்றத்துக்கு உதவும். ஆனால் முழங்கால் மடங்கியே நடக்கும் பிள்ளைக்கு அது பொருந்துவதில்லை. லயத்துக்கும் பாடசாலைக்கும் இடையே எத்தனை படி, எத்தனை சரிவு என்பதை அளவெடுப்பவரிடம் தவறாது கூறுங்கள், கேட்காவிடினும் கூறுங்கள்.

மழைக்காலத்தில் நனைந்த தாங்கியைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் துணியால் துடைத்து நிழலில் காயவிடுக. ஈரத்துணிகளோடு அதனையும் அடுப்படியில் தொங்கவிடுவோர் உளர். சூட்டில் உருப்பெற்ற பிளாஸ்டிக் சூட்டிலேயே உருக்குலையும். மறுநாட் காலை அது அப்பிள்ளையின் காலுக்குப் பொருந்தாது.