நெல்லுக்கு ஊக்கத்தொகை: யாருக்கு, எப்போது?

2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல் போட்ட விவசாயிக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் விலை. இதில் 2,389 ரூபாய் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை. மீதி 156 ரூபாய் தமிழக அரசு தந்த ஊக்கத்தொகை. பொது ரகத்துக்கு 2,369 ரூபாயோடு 131 ரூபாய் சேர்ந்து 2,500 ஆனது.

இரண்டும் ஒரே கணக்கில் வந்து விழுந்தாலும் வேலை வேறு. சந்தை சரிந்தாலும் நெல் விலை ஓர் அளவுக்குக் கீழே போகாமல் தாங்குவதற்கு ஆதரவு விலை. 'இதைச் செய்தால் இவ்வளவு கூடுதல்' என்று முன்னாலேயே சொல்லி, ஒருவரை ஒரு முடிவின் பக்கம் திருப்புவதுதான் ஊக்கத்தொகை.

மத்திய விலையில் இரு ரகங்களுக்கும் இடையே 20 ரூபாய்தான் வித்தியாசம். ஊக்கத்தொகையைச் சேர்த்தால் அது 45 ரூபாய். ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டால் 1,125 ரூபாய். ஆடுதுறை 37 போன்ற குண்டு நெல்லா, சன்ன ரகமா என்று யோசிக்கும் டெல்டா விவசாயிக்கு இது சின்னத் தொகை அல்ல.

ஆனால் யோசிக்கிற நேரத்தில் அந்தத் தொகை அவருக்குத் தெரிவதில்லை. ஆதரவு விலை மே மாத இறுதியிலேயே வந்துவிட்டது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, குறுவை நட்டு, கதிர் முற்றி நிற்கும்போது, ஆகஸ்ட் கடைசியில்தான் மாநில அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 1-இல் கொள்முதல் தொடங்கியது. வயலில் நிற்கும் பயிரின் ரகத்தை யாரால் மாற்ற முடியும்? அடுத்து வரும் சம்பாவுக்கு வேண்டுமானால் அந்த அறிவிப்பு ஓரளவு உதவும். குறுவைக்கு அது கூடுதல் விலை, அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. நிலையத்தில் விற்றால்தான் இந்தப் பணம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைக் காய வைக்க வேண்டும். 2025 அக்டோபர் மழையில் டெல்டாவில் குவித்து வைத்த நெல் முளைத்தே போனது. சாக்கு இல்லை, லாரி வரவில்லை என்று நிலைய வாசலில் காத்திருந்து, பொறுக்க முடியாமல் வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுபவருக்கு 156 ரூபாயும் இல்லை, ஆதரவு விலையும் இல்லை. குத்தகைக்குப் பயிரிடும் சிறு விவசாயிக்குக் காத்திருக்கும் தெம்பு இன்னும் குறைவு.

மாநில அரசு ஊக்கத்தொகையை உயர்த்தியது நல்ல காரியம். அதை ஆதரவு விலையோடு சேர்த்து, குறுவை நாற்று விடும் முன்பே அறிவிக்க வேண்டும். அறுவடைக்கு முன் சாக்கும் தார்ப்பாயும் உலர்த்தும் இயந்திரமும் நிலையங்களுக்கு வந்து சேர வேண்டும்.